கறுப்பு பெல்ட்டுக்கு முன்னால் விழக் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையின் குமரி மாவட்டப் பக்கத்தை ஜெர்மனியில் இருந்து தினமும் போனில் படிக்கிறவன் நான். பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டம், ரப்பர் விலை, வடசேரி போக்குவரத்து நெரிசல் எல்லாம் பார்த்துவிட்டுக் கீழே வந்தால் மாதத்துக்கு ஒரு தடவையாவது அந்தப் படம் இருக்கும். வெள்ளை டிரஸ் போட்ட பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள், கையில் சான்றிதழ், இடுப்பில் புது பெல்ட், நடுவில் ஒரு பொடியன் ஓட்டு அடுக்கை முஷ்டியால் குத்தி உடைத்துக்கொண்டிருப்பான். அந்த மாதிரிப் படங்களில் நானும் இருந்திருக்கிறேன், பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மாஸ்டராக. அதனால் இனி எழுதப்போவதை வெளிநாட்டில் போய் உட்கார்ந்தவன் சொல்லும் குறையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் குற்றவாளி நான்தான், அதையும் சொல்கிறேன்.

தக்கலைப் பக்கம் ஊர். ஏழாம் வகுப்பில் கராத்தே ஆரம்பித்தேன், ஷிட்டோ ரியூ பிரிவு, பள்ளிக்கூட மைதானத்துச் செம்மண்ணில் வெறுங்காலோடு. 20 வயதில் கறுப்பு பெல்ட், பிறகு மூன்றாம் டான் (கறுப்பு பெல்ட்டுக்கு மேலே உள்ள தகுதிப் படி) வரை போனேன். பகலில் ஒர்க்‌ஷாப், சாயங்காலம் வகுப்பு என்று ஒன்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் மனைவிக்கு ஜெர்மனியில் நர்ஸ் வேலை கிடைத்தது (நம் மாவட்டத்தில் இது இப்போது தெருவுக்கு நாலு வீட்டில் நடக்கிற கதைதான்), பின்னாலேயே நானும் மகளும் போனோம். எனக்குப் பார்சல் குடோனில் வேலை. ஆறு மாதம் போனதும் உடம்பு கேட்க ஆரம்பித்துவிட்டது. கராத்தே வகுப்பு இருக்கும் ஊர் ரயிலில் போனால் முக்கால் மணி நேரம். வீட்டில் இருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஜூடோ நடந்தது. ஜூடோவா, அதுவும் ஜப்பான் சரக்குதானே, கறுப்பு பெல்ட்காரனுக்கு ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும் என்று நினைத்துப் போனேன்.

அங்கே எல்லா ஊரிலும் விளையாட்டுச் சங்கம் உண்டு. தனியார் கடை மாதிரி இல்லை, ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்துவது. மாதச் சந்தா கொஞ்சம்தான், ஹால் பள்ளிக்கூடத்துடையது, சொல்லிக்கொடுப்பவர்கள் வேறு வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் வருகிறவர்கள். எங்கள் பயிற்சியாளர் 60 தாண்டியவர், வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்துக்குள் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். என் அப்பா வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாயே வரவில்லை. ஒரு வாரம் ஏதும் சொல்லாமல் சமாளித்தேன், பிறகு "ஆசான்" என்று கூப்பிட ஆரம்பித்தேன். என்ன அர்த்தம் என்று கேட்டார், சொன்னேன், பிடித்துப்போயிற்று. இப்போது அங்கே இருக்கும் ஏழெட்டுப் பேர் அவரை ஆசான் என்றுதான் கூப்பிடுகிறார்கள், உச்சரிப்புதான் கொஞ்சம் அப்படி இப்படி.

முதல் நாள் கறுப்பு பெல்ட்டைப் பையில் எடுத்துக்கொண்டுதான் போனேன். அவர் பார்த்தார், மரியாதையாகத் தலையாட்டினார், பீரோவில் இருந்து ஒரு வெள்ளை பெல்ட்டை எடுத்து நீட்டினார். அவ்வளவுதான். வகுப்பு தொடங்கும்போது பெல்ட் வரிசைப்படி முழங்கால் மடித்து உட்கார வேண்டும். இத்தனை வருடம் வரிசையின் தலைமாட்டில் உட்கார்ந்து பழகியவன் வால்மாட்டுக்குப் போனேன், என் பக்கத்தில் பல் விழுந்த ஒரு சிறுவன். போகட்டும். அடுத்து குத்தோ, உதையோ, எறிகிறதோ, ஏதாவது ஒன்று வரும் என்று பார்த்தால், "இன்றைக்கு நீ விழு" என்றார்.

ஆமாம், விழத்தான். ஜூடோவில் அதற்கு உகேமி என்று பெயர். குத்தவைத்து உட்கார்ந்த நிலையில் இருந்து பின்னால் சாய வேண்டும். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், கண் சொந்த பெல்ட்டின் முடிச்சைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் பின்மண்டை தரையில் படாது. முதுகு தொடுகிற அந்த நொடியில் இரண்டு கையையும் உடம்பில் இருந்து கொஞ்சம் விலக்கி, உள்ளங்கையும் முழங்கை வரையும் சேர்த்து மேட்டில் (தரையில் விரிக்கும் கெட்டி மெத்தையில்) ஓங்கி அடிக்க வேண்டும், கூடவே மூச்சை வெளியே விட வேண்டும். கையைப் பின்னால் ஊன்றவே கூடாது, ஊன்றினால் மணிக்கட்டு போகும், இல்லையென்றால் காறை எலும்பு போகும். பிறகு பக்கவாட்டில் விழுவது, பிறகு முன்னால் தோள் வழியாக உருண்டு எழும்புவது. இதைக் காட்டிக்கொடுக்க அவர் கூப்பிட்டது ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியை. அவள் சருகு விழுகிற மாதிரி விழுந்தாள். நான் தென்னை மட்டை மாதிரி விழுந்தேன். அவள் என் தாடையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு "இங்கே வை" என்றாள்.

ஆறு வாரம், ஆசிரியர் அவர்களே, ஆறு வாரம் விழுந்துகொண்டே இருந்தேன். 24 வருடக் கராத்தேயில் யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை, நானும் யாருக்கும் சொல்லித்தரவில்லை.

எறிகிற வகுப்புக்கு வந்த பிறகுதான் என் அறியாமை முழுதாகத் தெரிந்தது. கராத்தேக்காரனின் சொத்தே இடைவெளிதான். எதிராளி எட்டாத தூரத்தில் நின்று, ஒரு நொடியில் உள்ளே போய், குத்தி, வெளியே வந்துவிட வேண்டும். ஜூடோவில் வணக்கம் சொன்ன மறுநொடி எதிராளியின் ஒரு கை என் காலரில், இன்னொரு கை என் கைமுட்டுப் பக்கத்துச் சட்டையில். நான் 24 வருடம் சேர்த்த இடைவெளியை அவன் சட்டையைப் பிடித்து எடுத்துக்கொண்டான். பயத்தில் கையை விறைப்பாக நீட்டித் தள்ளிக்கொண்டு நின்றேன், புதிதாக வரும் எல்லாக் கராத்தேக்காரரும் இதைத்தான் செய்வார்களாம். விறைத்த கை நல்ல கைப்பிடி மாதிரி, அதைப் பிடித்தே தூக்கி எறியலாம். மூன்றே நிமிடத்தில் மூச்சு வாங்கி, முன்கை கல்லாகி, விரல் மடங்காமல் நின்றேன். வீட்டுக்குப் போய் டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை, மனைவி பார்த்துச் சிரித்தாள். டிரஸ்ஸும் போயிற்று. கராத்தே டிரஸ் மெல்லிய துணி, உதைக்கும்போது சத்தம் வர நன்றாக இருக்கும், பிடித்து இழுத்தால் தாங்காது. முதல் வாரமே காலர் ஓரம் கிழிந்து தொங்கியது. ஜூடோ டிரஸ் அரிசி அரிசியாக நெய்த கெட்டித் துணி, நனைந்தால் காய இரண்டு நாள் ஆகும்.

இன்னொரு விஷயம் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. கராத்தேயில் ஹிகிதே என்று ஒரு சொல் உண்டு. ஒரு கையால் குத்தும்போது மற்றக் கையை இடுப்புக்கு இழுத்து வைப்போமே, அது. ஏன் இழுக்கிறோம் என்று பிள்ளைகள் கேட்டால் "பவர் வரும்" என்று சொல்லிவிடுவேன், எனக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது. ஜூடோவிலும் அதே ஹிகிதே என்ற சொல் இருக்கிறது. எதிராளியின் சட்டைக் கையைப் பிடித்து இழுக்கிற கைக்கு அந்தப் பெயர். இழுக்கும் கை, அவ்வளவுதான் அதன் நேர் அர்த்தம். அப்படியானால் கட்டாவில் (எதிராளி இல்லாமல் தனியாகச் செய்து பழகும் அசைவு வரிசையில்) நாம் இடுப்புக்குக் கொண்டுவரும் அந்த வெறும் முஷ்டிக்குள்ளே ஒருவனுடைய கையோ சட்டையோ இருந்திருக்க வேண்டும். கட்டாவில் திரும்புகிற இடங்களில் எறிமுறை ஒளிந்திருக்கிறது என்று புத்தகத்தில் படித்திருந்தேன். ஒரு நாள் ஆசானுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நான் பழகிய கட்டாவின் ஒரு திருப்பத்தை மெதுவாகச் செய்து பார்த்தேன், அவர் பாதி வழியில் நிலை தடுமாறிச் சிரித்தார். வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன் இத்தனை வருடம்.

நான் முதன்முதலில் ஒருவரை வீழ்த்தியது நாலு மாதம் கழித்து. கால்வாரி, அதாவது எதிராளியின் காலை வாரி விழவைப்பது. இது கராத்தேயிலும் உண்டு, ஆனால் நாங்கள் செய்தது ஊன்றி நிற்கிற காலைக் கட்டையால் அடிக்கிற மாதிரி உதைப்பது, எதிராளிக்குக் கணுக்கால் வலிக்கும், நமக்கும் வலிக்கும், அவன் நிற்பான். ஜூடோவில் இதற்கே இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். ஒன்று காரி, அறுப்பது என்று அர்த்தம், நாஞ்சில் நாட்டில் அரிவாளால் நெல் அறுக்கிறோமே அந்த அறுப்பு. இன்னொன்று ஹராய், பெருக்குவது. பாரம் முழுதும் இறங்கி நட்டு நிற்கிற காலை அறுக்க வேண்டும், பாரம் மாறிக்கொண்டிருக்கிற காலைப் பெருக்கித் தள்ள வேண்டும். நெல்லைத் துடைப்பத்தால் பெருக்கவும் முடியாது, முற்றத்துச் சருகை அரிவாளால் அறுக்கவும் முடியாது, அதே கணக்கு. எதிராளி அடி எடுத்து வைக்கிறான், பாதம் தரையைத் தொடப்போகிறது, பாரம் இன்னும் முழுதாக இறங்கவில்லை, அந்த இடைநொடியில் என் உள்ளங்காலால் அவன் பாதத்தை ஒதுக்கினேன். எடையே தெரியவில்லை. 90 கிலோ ஆள், வாழைப்பழத் தோலை மிதித்த மாதிரிப் போனார். அந்த நொடியைப் பார்க்கிற கண்ணைக் கொடுத்தது கராத்தேதான், அதை மறுக்க மாட்டேன்.

கண் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஆசான் எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டுப் பழக்கினார், நான் கண்ணை நம்பியே சண்டை போடுகிறேனாம், கை சொல்வதைக் கேட்பதில்லையாம். பார்வைத் திறன் இல்லாதவர்களுக்கு ஜூடோவில் பாராலிம்பிக் போட்டியே உண்டு, இரண்டு பேரும் சட்டையைப் பிடித்த நிலையில்தான் ஆட்டமே தொடங்கும். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் கபில் பர்மார் வெண்கலம் வாங்கினாரே, இந்தியாவுக்கு ஜூடோவில் கிடைத்த முதல் பாராலிம்பிக் பதக்கம் அது. நம் மாவட்டத்தில் அந்தச் செய்தியை எத்தனை கராத்தே மாஸ்டர்கள் கவனித்தார்கள் என்று தெரியவில்லை. நான் அப்போதுதான் கண் கட்டின பயிற்சியில் கைகளால் தடவிக்கொண்டிருந்தேன், அதனால் எனக்கு அது பெரிதாகப் பட்டது.

நம் கராத்தே உலகில் இல்லாத இன்னொரு பழக்கம், தட்டுவது. தரையில் பிடித்து அமுக்குகிறார்கள், கழுத்தை நெரிக்கிறார்கள், முழங்கையை நிமிர்த்துகிறார்கள், தாங்க முடியவில்லை என்றால் எதிராளியின் உடம்பில் இரண்டு தட்டு. உடனே விட்டுவிடுவான், எழும்பி மறுபடி வணக்கம், மறுபடி பிடி. ஒரு சாயங்காலத்தில் 15 தடவை, 20 தடவை தோற்பேன். 17 வயதுப் பையனிடம் தோற்பேன், 50 வயது அம்மாவிடம் தோற்பேன். ஆசானே சில நாள் என் வாரலில் விழுவார், விழுந்து, "நல்லா இருந்தது, மறுபடி செய்" என்பார். நம் ஊரில் மாஸ்டர் மாணவனிடம் விழுந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் ஒன்பது வருடத்தில் ஒரு தடவை கூட விழவில்லை. என்னை வீழ்த்த முடியாத பையன்களையே எதிரில் நிறுத்திக்கொண்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கொஞ்சம் சரித்திரம். ஜிகோரோ கானோ என்ற இளம் ஆசிரியர் 1882ல் டோக்கியோவில் எய்ஷோஜி என்ற கோயிலில் இடம் வாங்கி ஜூடோவைத் தொடங்கியபோது அவரிடம் இருந்தது 12 பாய் விரிக்கிற இடம், ஒன்பது மாணவர்கள். பாய் என்றால் ததாமி, உள்ளே வைக்கோல் அடைத்து மேலே கோரை நெய்தது, நம் கோரைப்பாய்க்குத் தடித்த அண்ணன். ஜப்பானின் பழைய மல்லுக்கலையான ஜூஜுட்சுவில் இருந்த ஆபத்தான பிடிகளைத் தனியே ஒதுக்கிவைத்து, முழு பலத்தோடு மோதினாலும் இரண்டு பேரும் மறுநாள் வேலைக்குப் போகலாம் என்கிற மாதிரி ஒரு கலையை உண்டாக்கினார். விழும் கலை இல்லாமல் அது நடந்திருக்காது. டான் என்கிற தகுதி முறையைத் தொடங்கியதும் அவர்தான், 1883ல். கராத்தே பிறந்த ஒக்கினாவா தீவில் இருந்து கிச்சின் ஃபுனாகோஷி என்ற கராத்தே ஆசிரியர் 1922ல் டோக்கியோவுக்கு வந்து கராத்தேயைக் காட்டியபோது, அவரைத் தன் இடத்துக்கு அழைத்துச் செய்து காட்டச் சொன்னவர் இதே கானோ. இன்று நாம் போடுகிற கராத்தே டிரஸ், கட்டுகிற கறுப்பு பெல்ட், சொல்லிக்கொள்கிற டான் எல்லாம் ஜூடோவைப் பார்த்துக் கராத்தே எடுத்துக்கொண்டவை. 1924ல்தான் ஃபுனாகோஷி தன் மாணவர்களுக்கு முதல் தடவையாக டான் கொடுத்தார். பெல்ட்டை வாங்கிக்கொண்டோம், பாயை விட்டுவிட்டோம்.

ஜூடோ நமக்குப் புதுசும் இல்லை. தாகூர் 1929லேயே தாககாகி என்ற ஜப்பானிய ஆசிரியரைச் சாந்திநிகேதனுக்கு வரவழைத்து ஜூடோ சொல்லிக்கொடுக்க வைத்தார். ஒலிம்பிக்கில் 1964ல் நுழைந்தது. கராத்தே ஒரே ஒரு தடவை, 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தலை காட்டியது, பாரிஸில் இல்லை. "ஒலிம்பிக் விளையாட்டு" என்று இன்னும் நோட்டீஸில் போட்டு அட்மிஷன் பிடிப்பவர்கள் இதையும் சிறு எழுத்திலாவது போடலாம்.

சரி, இதையெல்லாம் எதற்காக ஒரு பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்று கேட்பீர்கள்.

ஊரில் வகுப்பு நடத்திய காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் ஒன்றில் கிரேடிங், அதாவது பெல்ட் தேர்வு. மொசைக் தரை, மேலே ஜமக்காளம். பெற்றோர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் வகுப்புப் பையன் ஒருவன், 13 வயது, ஃபைட்டில் நின்றான். எதிரில் நின்றவனும் என் வகுப்புதான். கால்வாரியை இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தது நான். வாரினான், சரியாகவே வாரினான், ஜமக்காளமும் சேர்ந்து வழுக்கியது. பையன் மல்லாந்து போனான், கை இரண்டும் காற்றில், பின்மண்டை நேரே தரையில். அந்தச் சத்தத்தை எழுதிக் காட்ட முடியாது, தேங்காய் உடைக்கும்போது வருகிற சத்தத்தை இப்போதும் நான் நின்று கேட்பதில்லை. கொஞ்ச நேரம் பேச்சு இல்லை, அப்புறம் வாந்தி எடுத்தான், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள், மூளையில் கசிவு ஏதும் இல்லை, அதிர்ச்சிதான் என்றார்கள். கடவுள் காப்பாற்றினார். அவன் அம்மா என்னிடம் கோபப்படவில்லை, "உங்க கிட்ட விட்டுட்டுப் போனேன் மாஸ்டர்" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரமே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஹெட்கார்டு வாங்க வைத்தேன், பிரச்சினை தீர்ந்தது என்று நம்பினேன்.

அந்தப் பையனுக்கு நான் எட்டு விதமாக உதைக்கக் கற்றுக்கொடுத்திருந்தேன். விழ ஒரு விதம் கூடக் கற்றுக்கொடுக்கவில்லை. தாடையை நெஞ்சில் வை என்ற மூன்று சொல்லை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் அவனுக்குச் சொல்லியிருப்பேன். ஜெர்மனியில் அந்த ஒன்பது வயதுப் பிள்ளை என் தாடையை அழுத்தியபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த மண்டபம்தான். அன்றைக்கு வகுப்பு முடிந்து டிரஸ் மாற்றுகிற அறையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சொல்லாமல் சொல்லிக்கொடுக்க ஒருவர் ஊரிலேயே இருந்தார் என்பது இன்னும் சங்கடம். என் தாத்தா ஊரில் நம் பக்கத்துப் பழைய தற்காப்புக் கலையான அடிமுறையில் ஆசான் ஒருவர், வர்மமும் தெரிந்தவர். மணற்பாங்கான இடத்தில்தான் சுவடு வைக்கச் சொல்லுவார், பூட்டுப் போட்டுப் பிரித்து ஆளை மண்ணில் இறக்குவார், இறக்கும்போது தன் கையால் தலையைத் தாங்கிக்கொள்வார். நாங்கள் வெள்ளை டிரஸ் போட்ட பையன்கள், அவர் கட்டியிருந்த கச்சையைப் பார்த்துச் சிரித்தோம். அவர் ஏன் சிமெண்ட் திண்ணையில் பழக்காமல் மணலைத் தேடிப் போனார் என்று எங்களில் ஒருவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நம் மாவட்டத்துக்கு விழுவதைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதே இல்லை. மார்த்தாண்டத்தில் இருந்து தக்கலை வரும் வழியில் 'ஒடிவு முறிவு வைத்தியசாலை' போர்டுகளை எண்ணிப் பாருங்கள். இரண்டு மழையும் நமக்கு, முற்றத்தில் வருடத்தில் பாதி நாள் பாசி. போன ஐப்பசியில் லீவுக்கு வந்திருந்தபோது நானே கிணற்றடியில் வழுக்கினேன், கையில் வாளி. வாளி ஒரு பக்கம் போயிற்று, தாடை தானாக நெஞ்சுக்குப் போயிற்று, கை தானாகத் தரையை அடித்தது. உள்ளங்கை சிவந்ததோடு சரி. சித்தி ஓடி வந்து பார்த்துவிட்டு, "என்ன மக்களே, விழுந்ததுக்குக் கை தட்டுற" என்றாள். கராத்தேக்குப் போகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருவனைக் குத்தப்போவதில்லை, குத்தவும் வேண்டாம். விழாமல் ஒருவரும் இருக்கப்போவதில்லை. பைக்கில் இருந்து, படியில் இருந்து, பாசியில்.

அதற்காக நாளைக்கே யூடியூப் பார்த்து ஜூடோ ஆரம்பிக்கக் கூடாது, இதை அழுத்திச் சொல்கிறேன். ஜூடோ பிறந்த ஜப்பானிலேயே 1983க்குப் பிறகு சுமார் 30 வருடத்தில் பள்ளிக்கூட ஜூடோவில் 100க்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் தலைக்காயம், அதிலும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள்தான் அதிகம், விழப் பழகும் முன்னாலேயே எறியப்பட்டவர்கள். மேட் இருந்தும் நடந்தது அது. 2012ல் அங்கே நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலையைக் கட்டாயமாக்கியபோது இந்தக் கணக்கை வைத்துத்தான் பெற்றோர்கள் சண்டை போட்டார்கள். அவர்களுக்கே அப்படி என்றால், மேட்டும் இல்லாமல் உகேமியும் தெரியாமல் மொசைக் தரையில் கால்வாரிக்கொண்டிருக்கும் நாம் எதை நம்பிச் செய்கிறோம்?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கராத்தேயை விட்டுவிட்டு ஜூடோவுக்கு மாறச் சொல்லவில்லை, எனக்கே அது முடியாது, இன்றும் காலையில் பால்கனியில் கட்டா போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். மஞ்சள் பெல்ட் கொடுப்பதற்கு முன்னால் பிள்ளை பின்னால், பக்கவாட்டில், முன்னால் விழுந்து காட்ட வேண்டும் என்று ஒவ்வொரு மாஸ்டரும் தன் வகுப்பில் வைத்துக்கொண்டால் போதும், அதற்கு எந்தச் சங்கத்தின் அனுமதியும் வேண்டாம். ஜெர்மனியில் என் முதல் பெல்ட் தேர்வில் விழுவதற்குத் தனிப் பகுதியே இருந்தது, அதில் தவறினால் எறிவதைப் பார்க்கவே மாட்டார்கள். மேட் இல்லாத இடத்தில் கால்வாரி இல்லை, இது இரண்டாவது. ஜூடோ மேட் நாலு சென்டிமீட்டர் கனம், விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் கானோ 12 பாயில் தொடங்கினார் என்பதை மறந்துவிட வேண்டாம். கிரேடிங்குக்கு வாங்குகிற பணத்தில் நாலைந்து மாஸ்டர்கள் சேர்ந்தால் 12 மேட் வாங்கலாம், வாரத்தில் ஒரு நாள் ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளலாம். நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியம் மாதிரி அரசு இடத்தில் எல்லாப் பிரிவுப் பிள்ளைகளும் பொதுவாக விழப் பழக ஒரு மூலை ஒதுக்கினால் இன்னும் நல்லது, அதை மாவட்ட நிர்வாகத்திடம் ஒரு வாசகனின் கோரிக்கையாக வைக்கிறேன். கபடிப் பையன்கள் மேட்டில் ஆடிப் பழகிவிட்டார்கள், அதே மேட்டை ஒரு மணி நேரம் கேட்டால் கொடுக்காமல் இருக்கமாட்டார்கள், எறிவதற்கு அது போதாது, உட்கார்ந்த நிலையில் இருந்து விழுந்து பழகத் தாராளம்.

பெற்றோர்களும் ஒன்று செய்யலாம். பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது எத்தனை மாதத்தில் கறுப்பு பெல்ட் என்று கேட்காமல், எந்தத் தரையில் ஃபைட் வைப்பீர்கள் என்று கேளுங்கள். மாஸ்டர் முகத்தைப் பார்த்தாலே விவரம் தெரிந்துவிடும்.

மூன்றாம் டான் வாங்கியவன் இன்று ஜூடோவில் பாதி ஆரஞ்சு பாதி பச்சை பெல்ட் கட்டிக்கொண்டிருக்கிறேன், அங்கே அப்படி ஒரு கலர் உண்டு. மகள் என்னை முந்திவிட்டாள். வருகிற கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் ஊரில் இருப்பேன். விழுவது மட்டும், வேறு ஒன்றும் இல்லை, காசு இல்லாமல் சொல்லிக்கொடுக்கத் தயார். நான் பயிற்சியாளர் சான்றிதழ் வாங்கியவன் இல்லை, எறிமுறை எதையும் தொட மாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை விட மாஸ்டர்கள் வந்தால் சந்தோஷம், எந்த ஸ்டைலாக இருந்தாலும் சரி, பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு வரலாம், கட்டிக்கொண்டும் வரலாம், விழும்போது இரண்டும் ஒன்றுதான். என் தொலைபேசி எண்ணை உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்.

மண்டபத்தில் விழுந்த அந்தப் பையன் இப்போது காலேஜில் படிக்கிறான். இந்தக் கடிதத்தை எழுதும் முன்னால் அவனிடம் கேட்டேன், உன் கதையை எழுதலாமா என்று. எழுதுங்கோ என்றான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மெசேஜ் வந்தது: "மேட்டு எங்க இருந்து எடுக்கணும்னு சொல்லுங்க மாஸ்டர், வண்டியில நான் கொண்டு வாறேன்."

இப்படிக்கு,
தக்கலையைச் சேர்ந்த ஒரு வாசகர்,
தற்போது ஜெர்மனி